வானிலை அளவைகளும் முத்திரைப்படியும்

சந்தையில் நெல் அளந்து வாங்கும்போது, வணிகர் கையிலுள்ள படியில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். முத்திரை இல்லாத படியும் படிதான். அதிலும் நெல் நிறையும், குவியும். ஆனால் அதில் நிறைந்த நெல் எவ்வளவு என்பதற்கு உறுதி கூறுவார் இல்லை. ஓர் அளவுகோலை அதனினும் நம்பத்தக்க மற்றோர் அளவுகோலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டு, திருத்தி, சான்று இடுதல் என்பதே முத்திரையின் பொருள். விஞ்ஞானத்தில் இதனை அளவுத்திருத்தம் என்கிறோம்.

நாள்தோறும் செய்தித்தாளில் நேற்றைய வெப்பம் இவ்வளவு, மழை இவ்வளவு என்று படிக்கிறோம். முற்காலத்தில் ஒருவர் காலையும் மாலையும் கூண்டைத் திறந்து வெப்பமானியைப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, தந்தி வாயிலாக அனுப்பினார். இன்றோ, பல இடங்களில் அவ்வேலையைத் தானியங்கி வானிலை நிலையம் செய்கிறது. ஒரு கம்பம், அதில் சில உணரிகள், ஒரு பதிவுக்கருவி, ஒரு மின்கலம், ஒரு சூரிய மின்தகடு ஆகியவையே அதன் உறுப்புகள். அருகில் ஆள் இல்லாமலே அது அளக்கிறது; செயற்கைக்கோள் வழியாகவோ கைப்பேசி வலை வழியாகவோ தன் எண்களைத் தலைமையிடத்திற்கு அனுப்புகிறது. ஆள் இல்லாத இடத்தில் அளக்கும் இந்தப் படிக்கு முத்திரை இடுவது எப்படி? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாளின் பாடம்

2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், தில்லியின் வடமேற்கு ஓரத்திலுள்ள முங்கேஷ்பூர் என்னும் இடத்துத் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று அறிவித்தது. அதற்கு முன் 2016 மே 19 அன்று இராசத்தானத்துப் பலோடியில் பதிவான 51.0 டிகிரியே இந்தியாவில் கண்ட உயர்ந்த வெப்பநிலையாக இருந்தது. ஆகவே செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அதே நாளில் தில்லியின் பிற நிலையங்கள் 45.2 முதல் 49.1 வரையிலான அளவுகளையே காட்டின; தலைமை நிலையமாகக் கருதப்படும் சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. இந்திய வானிலை ஆய்வுத்துறை வல்லுநர்களை அனுப்பி, அந்நிலையத்தின் உணரியைத் தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. உணரி ஏறத்தாழ 3 டிகிரி மிகுத்துக் காட்டியது தெரியவந்தது.

மூன்று டிகிரிதானே என்று நினைக்கலாகாது. சமவெளியில் உயர்ந்த வெப்பநிலை 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலை என்றும், 47ஐ எட்டினால் கடும் வெப்ப அலை என்றும் வகுத்திருக்கிறார்கள். 44 டிகிரி நாளை மூன்று டிகிரி மிகுத்துக் காட்டும் கருவி, வெப்ப அலையே இல்லாத நாளைக் கடும் வெப்ப அலை ஆக்கிவிடுகிறது. அவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தால், மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பமாட்டார்கள். மூன்று டிகிரி குறைத்துக் காட்டும் கருவியோ இன்னும் கொடியது. 47 டிகிரி வெயிலில் தார்ச்சாலை போடும் தொழிலாளியை, 44 என்று நம்பி யாரும் நிழலுக்கு அழைக்கமாட்டார்கள். வடநாட்டில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க்காரர்களை அறிந்த நமக்கு இதன் பொருள் விளங்கும்.

எனவே வானிலை எண் ஒன்றை நம்புவதற்கு மூன்று செய்திகள் தெரியவேண்டும். உணரி எங்கே நிறுவப்பட்டது? எதனோடு ஒப்பிடப்பட்டது? அதன் பின் யார், எப்பொழுது பார்த்தார்? இம்மூன்றையும் முறையே காண்போம்.

இடம் தேர்தல்

தானியங்கி நிலையம் நிறுவுவதில் மிகக் கடினமான வேலை திருகாணி முடுக்குவது அன்று, இடம் தேர்வதே. எம் துறையில் பயிற்சிக்காகச் சிறிய நிலையம் ஒன்றை நிறுவியபோது, கருவிகளைப் பூட்ட அரை நாளே ஆயிற்று. இடம் தேட மூன்று நாட்கள் ஆயின. காவலுக்கு எளிது என்று ஒருவர் கட்டடத்தின் மேல்தளத்தைக் காட்டினார். கம்பி இழுக்க எளிது என்று மற்றொருவர் சுவரோரத்தைக் காட்டினார். இரண்டும் ஆகா. மேல்தளத்துச் சிமெண்டு பகலெல்லாம் வெயிலைக் குடித்து மாலையில் வெளிவிடும். அங்கே வைத்த உணரி கட்டடத்தின் வெப்பத்தை அளக்குமேயன்றி ஊரின் வெப்பத்தை அளக்காது.

வெப்பமும் ஈரமும் அளக்கும் உணரிகள் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரையிலான உயரத்தில், புல் படர்ந்த சமமான திறந்த வெளியில் இருக்கவேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் நெறி. உயர்ந்த தரமான நிலையத்திற்கு, சுவர், தார்ச்சாலை, சிமெண்டுத் தளம் போன்ற வெப்பம் உமிழும் பரப்புகள் 100 மீட்டர் தள்ளியிருத்தல் வேண்டும் என்பர். காற்று அளக்கும் கருவிகளுக்கு 10 மீட்டர் உயரக் கம்பம் வேண்டும். அருகிலுள்ள மரமோ கட்டடமோ தன் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தொலைவில் இருக்கவேண்டும். 12 மீட்டர் உயர விடுதி இருந்தால் கம்பம் அதற்கு 120 மீட்டர் அப்பால் நிற்கவேண்டும் என்க. மழைமானிக்கோ, அதன் விளிம்புக்கு மேல் தடை எவ்வளவு உயர்ந்துள்ளதோ அதைப்போல் இரு மடங்குத் தொலைவேனும் வேண்டும்.

நகரத்தில் இவ்வளவு இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். கிடைப்பது அரிதுதான். அதனால்தான் உலக வானிலை அமைப்பு இடங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. முதல் வகுப்பு இடம் கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பு இடத்தில் நிறுவலாம். ஆனால் அது மூன்றாம் வகுப்பு என்பதை எழுதி வைக்கவேண்டும். குறையுள்ள இடத்தில் அளப்பது குற்றமன்று. குறையை எழுதாமல் விடுவதே குற்றம்.

வெப்ப உணரி

வெப்பத்தை அளக்க இன்று பெரும்பாலும் பிளாட்டினம் என்னும் உலோகத்தைக் கையாளுகிறோம். உலோகம் சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்பது நாம் பள்ளியில் படித்ததே. இதற்கெனச் செய்த பிளாட்டினக் கம்பியின் தடை 0 டிகிரியில் சரியாக 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். அஃதாவது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் வீதம் தடை கூடுகிறது. தடையை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். உணரியையும் பதிவுக்கருவியையும் இணைக்கும் செம்புக் கம்பிக்கும் தடை உண்டு. இரண்டே கம்பிகளால் இணைத்து, அவற்றின் தடை மொத்தம் 1 ஓம் என்று கொண்டால், கருவி அதையும் பிளாட்டினத்தின் தடையென்றே எண்ணி 2.6 டிகிரி மிகுத்துக் காட்டும்! போதாக்குறைக்கு, அக்கம்பி வெயிலில் சூடேறினால் அதன் தடையும் மாறும். இதற்கு மாற்று நான்கு கம்பி முறை. இரு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும். வேறு இரு கம்பிகள் மின்னழுத்தத்தை மட்டும் அளக்கும். அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் அநேகமாக இல்லையாதலால், அவற்றின் தடை கணக்கில் புகாது. ஆயினும் இணைப்புத் திருகு துருப்பிடித்தாலோ மழைநீர் புகுந்தாலோ எம்முறையும் பிழைபடும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது நிழல். காற்றின் வெப்பத்தை அளக்கவேண்டுமே தவிர, வெயிலில் காய்ந்த உணரியின் வெப்பத்தை அளக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியியலறிஞர் தாமஸ் ஸ்டீவன்சன் இதற்கென வெள்ளைப் பூச்சும் சாய்சட்டங்களும் கொண்ட மரக்கூண்டு ஒன்றை அமைத்தார். இன்றும் அக்கூண்டு அவர் பெயராலேயே வழங்குகிறது. தானியங்கி நிலையத்தில் அதற்கு மாறாக, தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாற்போன்ற வெண்ணிறக் கூடு இருக்கும். காற்று உள்ளே புகும்; வெயில் புகாது. ஆனால் அக்கூட்டில் தூசி படிந்து பழுப்பேறினாலோ, சிலந்தி வலை கட்டினாலோ, காற்றடங்கிய வெயில் நாளில் ஒன்றிரண்டு டிகிரி கூடிவிடக்கூடும். ஈரத்துணியால் கூட்டைத் துடைப்பதும் அளவுத்திருத்தத்தின் ஒரு பகுதியே.

பனிக்கட்டிச் சோதனை

இனி ஒப்பிடும் முறையைப் பார்ப்போம். இயற்கை நமக்கு இலவசமாகத் தந்துள்ள முத்திரைப்படி ஒன்று உண்டு: உருகும் பனிக்கட்டி. தூய நீரில் உறைந்த பனிக்கட்டியைத் தூளாக்கித் தெர்மாஸ் குடுவையில் இறுக நிரப்பி, இடுக்குகளில் காற்று இல்லாதபடி குளிர்ந்த தூயநீர் ஊற்றி, மெல்லிய உறையிட்ட உணரியை நடுவில் செருகி அரைமணி நேரம் பொறுத்தால், அது 0.0 டிகிரி காட்டவேண்டும். நீர் தூயதாக இல்லாவிட்டால் உருகுநிலை தாழ்ந்துவிடும். எனவே கடைப் பனிக்கட்டி உதவாது.

உருகும் பனிக்கட்டி இருக்க, கொதிக்கும் நீரை மற்றொரு படியாக ஏன் கொள்ளவில்லை என்று கேட்கலாம். கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள நம் புனே நகரில் நீர் 98 டிகிரியளவிலேயே கொதித்துவிடுகிறது. உருகுநிலையோ அழுத்தத்தால் அநேகமாக மாறுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 0 டிகிரியில் சரியாக இருக்கும் உணரி 50 டிகிரியில் பிழைபடலாம். வெப்ப அலை 0 டிகிரியில் வருவதில்லை அன்றோ! ஆகவே இடைவிடாது கலக்கப்படும் நீர்த்தொட்டியில், சான்று பெற்ற தர வெப்பமானியோடு உணரியை அருகருகே வைத்து, பத்துப் பத்து டிகிரியாக உயர்த்தி, அந்நாட்டில் வரக்கூடிய உயர்ந்த வெப்பத்திற்கும் சற்று மேல் வரை ஒப்பிடவேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஓர் உணரி 0 டிகிரியில் 0.2 என்றும், 20இல் 20.3 என்றும், 40இல் 40.4 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். இதில் இருவகைப் பிழைகள் கலந்துள்ளன. எங்கும் மாறாத 0.2 ஒன்று, வெப்பத்தோடு வளரும் ஆயிரத்தில் ஐந்து பங்கு மற்றொன்று. காட்டிய எண்ணிலிருந்து 0.2ஐக் கழித்து, வந்ததை 1.005ஆல் வகுத்தால் மெய்யளவு கிடைக்கும். இவ்விரண்டு எண்களையும் பதிவுக்கருவியில் பொருத்திவிட்டு, மீண்டும் ஒருமுறை தொட்டியில் வைத்துச் சரிபார்க்கவேண்டும். திருத்தியபின் சோதியாமல் விடுவது, முத்திரை குத்தியபின் படியின் அடியைத் தட்டி நசுக்குவதற்கு ஒப்பாகும்.

ஈர உணரியும் சமையலறை உப்பும்

காற்றின் ஈரத்தை அளக்கும் உணரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஈரத்தை உறிஞ்சும்போது அதன் மின்தேக்கும் திறன் மாறும். இதனைத் திருத்த உதவும் பொருள் நம் வீட்டு உப்பின் தூய வடிவமே என்றால் வியப்பாக இருக்கும்.

மூடிய புட்டியில் உப்பை நீரில் கரைத்து, இனிமேல் கரையாது என்னும் அளவுக்குச் சேர்த்து, அடியில் கரையாத உப்பும் தங்கும்படி வைத்தால், அதற்கு மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காடாக நிலைத்து நிற்கும். சாதாரண அறை வெப்பம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் இவ்வெண் அநேகமாக மாறாது. மக்னீசியம் குளோரைடு கரைசலுக்கு மேல் 33 விழுக்காடு. லித்தியம் குளோரைடுக்கு 11. பொட்டாசியம் சல்பேட்டுக்கு 97. நான்கு புட்டிகளிலும் உணரியை முறையே தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் சில மணி நேரம் காத்திருந்தால், உலர்ந்த காற்று முதல் மழைநாள் காற்று வரை நான்கு முத்திரைப்படிகள் கிடைத்துவிடுகின்றன. உணரி கரைசலைத் தொடக்கூடாது. புட்டியின் வெப்பம் எங்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஏன் கசிகிறது என்பதற்கும் இங்கே விடை உண்டு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை ஈர்த்துக் கசியும். உப்பளத்து உப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். தூத்துக்குடி உப்புச் சாடியும் ஒருவகை ஈரமானியே. ஆனால் முத்திரையற்ற ஈரமானி. சோதனைக்கு ஆய்வுக்கூடத் தரமுள்ள தூய உப்பே வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: வெப்பத்தில் நேரும் பிழை ஈரத்தையும் கெடுக்கும். கூடு ஒரு டிகிரி மிகையாகச் சூடேறினால், 60 என்று காட்டவேண்டிய ஈரப்பதம் 56 அல்லது 57 என்று குறைந்துவிடும். இரண்டு உணரிகளையும் ஒரே கூட்டில் வைப்பதனால், கூட்டின் குறை இரண்டு எண்களிலும் தெரியும்.

மழைமானி

எங்கள் கரிசல் காட்டு ஊரில், 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று சொல்வார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதே அளவு. மில்லிமீட்டர் அறியாத அளவை என்று இதனை இகழ வேண்டுவதில்லை. எந்த நிலத்தில் பயிர் நிற்கிறதோ அந்த நிலத்திலேயே அளந்த அளவை அது. இன்றோ வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில், சில கல் தொலைவிலுள்ள தானியங்கி மழைமானியின் எண்ணே உழவருக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது. ஆதலால் அந்தக் கருவி சரியாக அளக்கவேண்டியது அறிவியல் கடமை மட்டுமன்று, அறமும் ஆகும்.

தானியங்கி மழைமானி மிக எளிய பொருள். புனலில் விழும் மழை, ஏற்றப்பலகை போல் இருபுறமும் சாயக்கூடிய இரட்டைக் கலத்தில் சொட்டும். ஒரு பக்கத்துக் கலம் நிறைந்தவுடன் கவிழ்ந்து நீரைக் கொட்ட, மறுபக்கத்துக் கலம் புனலின் கீழ் வந்து நிற்கும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் ஒரு காந்தச் சுவிட்சு எண்ணுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இலண்டனில் கிறிஸ்டோபர் ரென் அமைத்த கருவியிலேயே இக்கருத்து காணப்படுகிறது.

இதன் அளவுத்திருத்தத்தைக் கணக்கோடு பார்ப்போம். புனல் வாயின் விட்டம் 200 மி.மீ. என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 1 மி.மீ. மழை பெய்தால் அதில் விழும் நீர் 31.4 கன சென்டிமீட்டர். ஒரு கவிழ்ப்பு 0.5 மி.மீ. மழைக்குச் சமம் என்றால், கலம் 15.7 கன சென்டிமீட்டரில் கவிழவேண்டும். 314 கன சென்டிமீட்டர் நீரை அளந்து, சொட்டுச் சொட்டாக அரைமணி நேரத்தில் புனலில் விட்டால், 10 மி.மீ. மழைக்கு நேராக 20 கவிழ்ப்புகள் எண்ணவேண்டும். 19 மட்டுமே எண்ணினால் கருவி நூற்றுக்கு ஐந்து குறைக்கிறது. கலத்தின் அடியிலுள்ள இரண்டு திருகுகளையும் சமமாகத் திருப்பி, மீண்டும் நீர் விட்டுப் பார்க்கவேண்டும். நீரை வேகமாக ஊற்றினால், கலம் கவிழும் இமைப்பொழுதில் விழும் நீர் கணக்கில் சேராமல் போய்விடும். பெருமழையில் இவ்வகை மானி குறைத்துக் காட்டுவதும் இதனாலேயே.

நூற்றுக்கு ஐந்து என்பது சிறிதா? காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. மழை பெய்தால் அது கனமழை என்பது நம் நாட்டு வழக்கு. மெய்யாகப் பெய்தது 67 மி.மீ.; ஐந்து விழுக்காடு குறைக்கும் கருவி காட்டுவது 63.65 மி.மீ. கனமழை பெய்த ஊர், ஏட்டில் கனமழை பெய்யாத ஊர் ஆகிவிடுகிறது.

மழைமானி ரசமட்டம் வைத்துச் சமனாக நிறுத்தப்படவேண்டும். சாய்ந்தால் ஒரு கலம் முந்தியும் மற்றது பிந்தியும் கவிழும். எல்லாவற்றினும் பெரிய பகை சருகும், பறவை எச்சமும், குளவிக் கூடும். புனல் அடைபட்ட மழைமானி, ஊரே வெள்ளக்காடாகும்போது 'மழை இல்லை' என்று பொய் சொல்லும். அதன் பொய்யைச் செயற்கைக்கோள் நேர்மையாக எடுத்துச் செல்லும்!

காற்றும் வடதிசையும்

காற்றின் வேகத்தை, சுழலும் மூன்று கிண்ணங்கள் அளக்கின்றன. தாங்கி தேய்ந்தால் அது மெல்லிய காற்றில் சுழலாது. ஆகவே ஆண்டு தோறும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது நலம்.

திசைகாட்டியில் வரும் சிக்கல் வேறு. அதன் சுழிக்குறி மெய்யான வடக்கை நோக்கவேண்டும். காந்தமுள் காட்டுவது காந்த வடக்கு. இந்தியாவின் பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் இரும்புக் கம்பத்தின் அருகே காந்தமுள்ளையே நம்ப முடியாது. நம் முன்னோர் கையாண்ட முறையே சிறந்தது. நேராக நட்ட கோலின் நிழல் மிகக் குறுகும் வேளையில் அந்நிழல் தென்வடலாகக் கிடக்கும். அவ்வேளை கடிகாரத்தின் 12 மணி அன்று. புனேயில் அது 12.35ஐ ஒட்டி, பருவத்திற்கேற்பச் சற்று முன்பின்னாக வரும். மே மாத நடுவிலும் ஜூலை இறுதியிலும் இங்கே ஞாயிறு தலைக்கு நேர்மேலே வருவதால், அந்நாட்களில் இம்முறை பயன்படாது.

கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. வடக்கிலிருந்து வீசும் காற்று ஒரு கணம் 350 டிகிரியும் மறுகணம் 10 டிகிரியும் காட்டினால், சராசரி என்ன? கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது தெற்கு! மெய்யோ நேர்வடக்கு. எனவே திசைகளை எண்களாகக் கூட்டாமல், வடக்குக் கூறு, கிழக்குக் கூறு என்று பிரித்துக் கூட்டவேண்டும். உணரி பிழையின்றி இருந்தும் கணக்கு பிழைபட்டால் முடிவு பிழையே.

காற்றழுத்த உணரிக்குச் சுருக்கமாக ஒன்று கூறினால் போதும். உயரம் ஏறினால் அழுத்தம் குறையும். கடல்மட்டத்தருகே எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல். உணரியின் உயரத்தை ஐந்து மீட்டர் தவறாகக் குறித்தால், அழுத்தத்தில் அரை ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் பிழை நேரும். வானிலைப் படத்தில் இல்லாத தாழ்வு நிலையை அது வரைந்துவிடும்.

ஏடும் ஆளும்

நிறுவியாயிற்று, திருத்தியாயிற்று; இனி நிலையம் தானே இயங்கும் என்று விட்டுவிடலாமா? 1922 செப்டம்பர் 13 அன்று லிபியா நாட்டு அல் அசீசியாவில் 58 டிகிரி பதிவாயிற்று என்று தொண்ணூறு ஆண்டுகள் உலகம் நம்பியது. 2012இல் உலக வானிலை அமைப்பின் குழு பழைய பதிவுத்தாளை எடுத்து ஆராய்ந்தது. பழக்கமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்கலாம் என்பதும், நிலையம் இருந்த தரை அப்பாலைவன மண்ணைப் போன்றதன்று என்பதும், அருகிலுள்ள ஊர்களின் அளவுகளோடு அது ஒத்துப்போகவில்லை என்பதும் வெளிப்பட்டன. அந்த எண் உலகச் சாதனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உண்மையைக் காணமுடிந்ததற்குப் பதிவுத்தாள் பெரிதும் துணைநின்றது.

ஆகவே ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் ஏடு வேண்டும். எந்த உணரி, என்று பூட்டப்பட்டது, திருத்த எண்கள் யாவை, எந்தத் தரக்கருவியோடு ஒப்பிடப்பட்டது, அருகில் புதிதாக எழுந்த சுவர் எது, வெட்டப்பட்ட மரம் எது என எல்லாம் அதில் ஏறவேண்டும். நான்கு திசையிலும் எடுத்த புகைப்படங்களும் இருந்தால் நன்று. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒருவர் தரக்கருவியைக் கையில் எடுத்துச் சென்று, நிலையத்தின் உணரிக்கு அருகே வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் படித்துப் பார்க்கவேண்டும். அவர் கொண்டுசெல்லும் கருவியும் ஆய்வுக்கூடத்தின் தரக்கருவியோடு ஒப்பிடப்பட்டதாகவும், அது நாட்டின் தரக்கருவியோடு ஒப்பிடப்பட்டதாகவும் இருக்கவேண்டும். கடைக்காரர் படி ஆய்வாளர் படியோடும், ஆய்வாளர் படி தலைமைப் படியோடும் ஒப்பிடப்படுவதைப் போன்ற சங்கிலி இது. ஒரு கண்ணி அறுந்தாலும் முத்திரைக்குப் பொருளில்லை.

இந்தச் சங்கிலியை நம் நாட்டில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி அம்மையார். 1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்து, இலண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948இல் இதே புனே நகரத்து வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். அதுவரை பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறத்தாழ நூறு கருவிகளுக்குத் தரமான வரைபடங்கள் வகுத்தார். பிழையான அளவைவிட அளவே இல்லாமை மேல் என்பது அவர் கொள்கை. அளவு இல்லாவிட்டால் 'தெரியாது' என்று எச்சரிக்கையாக இருப்போம். பிழையான அளவு இருந்தால் 'தெரியும்' என்று துணிந்து தவறிழைப்போம் என்பதை எண்ணிப் பார்த்தால் அக்கொள்கையின் ஆழம் புரியும். அவர் 2001இல் மறைந்தார். அவர் உலவிய சிவாஜி நகர் வழியாகத்தான் நம்மில் பலர் நாள்தோறும் பேருந்தில் செல்கிறோம்.

முடிவாக, நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலக்கியம் படிப்பவராயினும் வணிகம் படிப்பவராயினும், அடுத்த கோடையில் கைப்பேசித் திரையில் வியப்பூட்டும் ஓர் எண்ணைக் கண்டால், உடனே பிறருக்கு அனுப்புமுன் சற்று நில்லுங்கள். அது எங்கே அளந்தது, அண்டை நிலையங்கள் என்ன சொல்கின்றன, வானிலைத்துறை அதனை உறுதி செய்ததா என்று கேளுங்கள். எண்ணை நம்பாமல் ஏளனம் செய்வது அறிவன்று. கேட்டறிந்து நம்புவதே அறிவு.

இப்பருவத்து உணரிச் சோதனைகளை எம் துறைத் தோட்டத்தில் பருவமழைக்கு முன் நடத்த இருக்கிறோம். பனிக்கட்டி உடைக்கவும், சொட்டு நீரை எண்ணவும் கைகள் வேண்டும். விஞ்ஞானம் பயிலாத சங்கத்து நண்பர்களும் வரலாம். இருபது வரை எண்ணத் தெரிந்தால் போதும்.